படித்துக் காட்டாமல் வாங்கிய கையெழுத்து

போன மாதம் ரேவதி போன் செய்தாள். பல்கலைக்கழகத்தில் ஒளிப்பதிவுப் பிரிவில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். ஆசிரியர்களிடம் ஒப்புதல் வாங்கும் படிவம் இனிமேல் காகிதத்தில் கிடையாதாம். ஆசிரியரின் போனுக்கு ஒரு லிங்க் போகும், அவர் ஒரு டிக் அடித்தால் போதும். "அந்த ஆறு வரிய எதுர்ல உக்காந்து படிச்சிக்காட்டற வேலையே இல்லண்ணா. நல்லதுதானே?" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இதுவரை சொல்லவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வாத்தியார் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பெரியபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து, கோயில் மண்டபங்களில் பன்னிரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை நடுங்கினால் அந்த இடத்தை வெட்டிவிட்டு, அட்சதை தூவும் கைகளைக் கொண்டுவந்து ஒட்டுவது என் தொழில். பிறகு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. ஆண்டு விழா, பட்டமளிப்பு விழா என்று சில வருடங்கள் போயின. நான் வேலை கற்றுக்கொண்டது அதற்கப்புறம், எஸ்தர் மேடம் வந்த பிறகுதான்.

ஆசிரியர் மேம்பாட்டு மையத்துக்குத் தலைவராக வந்தவர் அவர். நல்ல ஆசிரியர் ஒருவரின் வகுப்பைப் படம் பிடித்துக் கொடுக்கச் சொன்னார். இருபது நிமிடத்துக்கு, புல்லாங்குழல் இசையெல்லாம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் பார்த்தார். "கல்யாணம் நல்லா நடந்திருக்கு செல்வம்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "இதைப் பார்க்கிற ஒரு வாத்தியார், நாளைக்குக் காலையில வகுப்புல என்ன மாத்திப் பண்ணுவாரு?" படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் அதில் இல்லை. "அப்போ வெட்டுங்க" என்றார்.

எல்லாப் படத்துக்கும் அந்த ஒரே கேள்விதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு படத்தில் ஒரே ஒரு விஷயம். எங்கள் ஆசிரியர்கள் பாதிப் பேர் திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து பல்கலைக்கழகப் பேருந்தில் வருகிறவர்கள். புதுவாயல் முனையில் லாரிகளுக்கு நடுவில் வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு படம் பார்த்து முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. கருத்தரங்குக் கூடத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்பும் பயிற்சிகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை.

நான் வெட்டிக் கொண்டுபோகும் படத்தை மூன்று முறை பார்ப்பார். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் மட்டும். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தம் மட்டும். கடைசியாக இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதிக்கொள்வார். வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பாதி வகுப்பைக் கரும்பலகையைப் பார்த்தே பேசியிருந்தது சத்தமில்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தை முதலில் அந்தந்த ஆசிரியர்தான், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் மேடம் 'தப்பு' என்ற வார்த்தையை எடுக்கவே மாட்டார். "எந்த இடத்துல உங்களுக்கு நிறுத்திப் பார்க்கத் தோணுச்சு?" என்பார். அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அந்தப் படங்கள் எல்லோருக்கும் பொது. எந்தக் கல்லூரியும் இறக்கிக்கொள்ளலாம், வெட்டலாம், வேறு மொழியில் குரல் கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரிக்காரர்கள் எங்கள் படங்களுக்குத் தெலுங்குக் குரல் சேர்த்துப் போட்டார்கள். அதைப் பார்த்த அன்று நான் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். "நம்ப படம்மா. யார் வேணா வெட்டிக்கலாம், ஒட்டிக்கலாம்" என்று என் மகள் பவானியிடம் பெருமையடித்தேன். அவள் அப்போது பிளஸ் டூ.

பொதுவில் போவதால்தான் அந்தப் படிவம். ஆறே வரி. கேமரா பிடிப்பவன் ஆசிரியருக்கு எதிரில் உட்கார்ந்து, நின்றபடி அல்ல, உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்த வேண்டும். ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் பேனாவைக் கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துக்குக் கீழே 'படித்துக் காட்டினேன்' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நான்காவது வரி இது: 'பொதுவில் கொடுத்த பிறகு, பிறரிடம் சென்ற பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது.' படிக்கும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும் வரி. சிலர் அந்த இடத்தில் எழுந்து போயிருக்கிறார்கள். போகட்டும், அதற்குத்தானே படிக்கிறோம் என்பார் மேடம்.

இப்போது மாசிலாமணி சார் விஷயத்துக்கு வருகிறேன்.

கணிதப் பேராசிரியர். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் தாண்டியவர் இவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. தன் வகுப்பில் பையன்கள் வாயே திறப்பதில்லை, ஏன் என்று தெரியவில்லை என்று அவராகவே மேடத்திடம் போய்ச் சொன்னார். அந்த வயதில், அந்த அனுபவத்தில், அப்படிச் சொன்ன ஆசிரியர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். ஆனால் கேமரா என்றதும் பின்வாங்கினார். நான்கு மாதம் கழித்து ஒருநாள், மத்தியான வகுப்புக்கு மணி அடிக்கும் நேரத்தில், "சரி வாய்யா, இன்னிக்கே எடுத்துடு" என்று வந்து நின்றார்.

படிவத்தை எடுத்தேன். உட்கார நேரமில்லை. இரண்டு வரி படித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது வரியைப் படித்தால் மனம் மாறிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நான்கு மாதம் மேடம் காத்திருந்த படம். "மத்ததெல்லாம் எப்பவும் இருக்கறதுதான் சார்" என்றேன். அவர் பேனாவைத் திறந்துகொண்டே, "புடிக்கலன்னா எடுத்துடலாம் இல்ல?" என்று கேட்டார். "எடுத்துடலாம் சார்" என்றேன். அவர் போட்டார். கீழே நானும் போட்டேன்.

படத்தின் முதல் பாதியில் அவர் கணக்கைப் போட்டுக்கொண்டே "புரியுதா?" என்பார். பதிலுக்கு நிற்காமல் அவரே "புரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். தனியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், "நானே கேட்டு நானே சொல்லிக்கினு இருக்கறேன் மேடம், அப்புறம் அவன் எங்க பேசுவான்" என்று சிரித்தார். மூன்று வாரம் பழகினார். கேள்வி கேட்டதும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்பது. அவ்வளவுதான். மறுபடி எடுத்தேன். அதுதான் இரண்டாம் பாதி. அவர் நிற்கிறார். வகுப்பு நெளிகிறது. நெடுநேரம் கழித்து, கடைசி வரிசையில் தெலுங்கு பேசும் ஒரு பையன், இரண்டு வருடமாக வாய் திறக்காதவன், எழுந்து விடையைச் சொல்கிறான். அப்போது சாரின் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். கல்யாண வீடியோ எடுத்த அத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு முகத்தைப் பிடித்ததில்லை.

மேடத்தின் வழக்கப்படி அவர் பெயர் போடவில்லை. 'ஒரு கணித ஆசிரியர்' என்று மட்டும் போட்டோம். பல கல்லூரிகளில் ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு துண்டுப் படம் மாணவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றியது. அரை நிமிடம்தான். முதல் பாதியிலிருந்து "புரியுதா? புரியுது" என்று வரும் இடங்களை மட்டும் வெட்டி, வரிசையாகக் கோத்து, பறை அடி சேர்த்திருந்தார்கள். ஒரே நாளில் எல்லோர் போனிலும் இருந்தது. அவர் தாழ்வாரத்தில் நடந்தால் பின்னாலிருந்து "புரியுதா சார்?" என்று ஒரு குரல், "புரியுது சார்" என்று இன்னொரு குரல். ரயில்வே பிளாட்பாரத்தில் வேறு கல்லூரிப் பையன்கள்கூட ஆரம்பித்தார்கள். மூன்றாவது நாள் என்னிடம் வந்தார். கோபப்படவில்லை. "புடிக்கலய்யா செல்வம். எடுத்துடு" என்றார்.

எங்கள் பக்கத்திலிருந்து எடுக்கலாம். மற்றவர்கள் போனில் இருப்பதை நான் எப்படி எடுப்பது? ஏதோ தடுமாறிச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் முதல் விடுப்பு. வகுப்புக்குள் போகாமலிருக்க, தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடும்படி அவரே கடிதம் எழுதிக் கேட்டிருப்பதாகத் தெரிந்தது. நிர்வாகம் சம்மதிக்கும் போலிருந்தது. சம்மதித்தால், முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்ற அந்த மனிதர் மறுபடி அங்கே நிற்கப்போவதில்லை.

மேடம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஆறு வரியும் படிச்சுக் காட்டினீங்கதானே?"

"காட்டினேன் மேடம்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வந்தவன், சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து, யார் வெட்டியது என்று பார்ப்பதற்காக அந்தத் துண்டை மெதுவாக ஓடவிட்டேன். நாங்கள் பொதுவில் போடும் எல்லாப் படத்திலும் வலது மூலையில் பல்கலைக்கழகச் சின்னம் இருக்கும். இதில் இல்லை. மறைத்திருந்தால் அந்த இடம் மங்கலாகத் தெரியும். மங்கலும் இல்லை. சின்னம் போடாத பிரதி உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது என் வீட்டு லேப்டாப்பில் இருந்தது.

பவானி அப்போது எங்கள் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி சார்தான் அவளுக்குக் கணிதம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் போனை நீட்டினேன்.

"இன்னாமா இது?"

பார்த்தாள். கை சோற்றில் அப்படியே நின்றது. "எங்க குரூப்ல மட்டும்தாம்பா போட்டேன். ஜாலிக்கு. இப்டி ஆகும்னு தெரியாது" என்றாள். பிறகு, தலை நிமிராமல், "யார் வேணா வெட்டிக்கலாம்னு நீதானேப்பா சொன்ன" என்றாள்.

எனக்கு அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து வந்த என் மனைவி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பனும் பொண்ணுமா சேந்து ஒரு மனுசன ஊட்டுக்கு அனுப்சிட்டீங்க" என்றாள்.

ஒரு பிள்ளையைப் பெற்றவன் அந்த நேரத்தில் எதை நினைப்பானோ அதைத்தான் நானும் நினைத்தேன். மேடத்திடம் சொன்னால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். இடைநீக்கம் செய்வார்கள். நடத்தைச் சான்றிதழில் ஒரு வரி எழுதிவிட்டால் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி இவளைக் கூப்பிடும்? லேப்டாப்பில் இருந்த அந்தப் பிரதியை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. விரலைக் கொண்டுபோய் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு முழுக்க அவள் சாப்பிடவில்லை. அவள் பயந்தது குழுவுக்கு அல்ல. திங்கட்கிழமை சாரின் வகுப்பில் காலியாக இருக்கப்போகும் மேடைக்கு எதிரில் உட்கார வேண்டுமே என்று அழுதாள். அதைக் கேட்ட பிறகு அழிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை மேடத்திடம் போய்ப் பவானி செய்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி, எங்கள் படங்களைப் பார்ப்பது போலவே பார்த்தார். சத்தமில்லாமல் ஒருமுறை, கண்ணை மூடி ஒருமுறை, இரண்டும் சேர்த்து ஒருமுறை. "நல்லா வெட்டியிருக்கா" என்றார்.

"அவ பண்ணது இந்தப் போன்ல இருக்கு செல்வம். நீங்க பண்ணது எங்க இருக்கு?"

அலமாரியைத் திறந்து சாரின் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எத்தனை வரி படிச்சீங்க?"

"ரெண்டு மேடம்."

"மீதி நாலையும் போய்ப் படிச்சுட்டு வாங்க. ரெண்டு பேரும் போங்க. குழுவுக்கு அவ பேர் போகணுமா வேணாமான்னு சார் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே போனோம். ஆரம்பாக்கத்தில் இறங்கி வரப்போரமாக நடந்தால் சாரின் வீடு. வாசலில் லுங்கியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாய்யா. கேமராவ எங்க காணும்?" என்றார். பவானியை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்காததுபோல் இருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"சார், இத உங்களுக்கு முழுசா படிச்சிக்காட்டல நான். இப்ப படிக்கிறேன்" என்று எதிரில் உட்கார்ந்தேன்.

முதல் வரியிலிருந்து படித்தேன். ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினேன். நான்காவது வரி வந்ததும் கையைக் காட்டினார்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"அன்னிக்கு நான் இன்னா கேட்டேன்?"

"புடிக்கலன்னா எடுத்துடலாமான்னு கேட்டீங்க சார்."

"நீ இன்னா சொன்ன?"

"எடுத்துடலாம்னு சொன்னேன்."

"இத அன்னிக்கே படிச்சிருந்தா நான் போட்டிருக்க மாட்டேன் செல்வம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மீதியைப் படி என்று சைகை செய்தார். ஐந்தும் ஆறும் படித்து முடித்தேன். அப்போது பவானி எழுந்து நின்றாள்.

"சார், அத வெட்டுனது நான்தான்."

அவர் முதல்முறையாக அவளைப் பார்த்தார். நான் அவளுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளலாமா என்று யோசித்தேன். படிவத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

"உக்காரும்மா" என்றார். "ரெண்டாவது பாதியப் பாத்தியா நீ?"

"பாத்தேன் சார்."

"அதுல சிரிக்க ஒண்ணும் இல்லியா?"

"இல்ல சார்."

"அதான் வுட்டுட்ட."

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் சமாதானம் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. மோரை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்தார். எங்கள் பக்கத்திலிருந்து அன்றைக்கே முழுப் படத்தையும் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். தெலுங்குக் கல்லூரிக்கும் எழுதுகிறேன் என்றேன். அவர் செய்தித்தாளை மடித்துவைத்தார். பிறகு கேட்டார்.

"அதுல என் பேர் எங்க இருக்குது?"

இல்லை என்றேன். ஆசிரியர்களின் பெயரைப் போடுவதில்லை என்ற வழக்கத்தைச் சொன்னேன்.

"அதான்யா. பேர் இல்லாம இருக்கறதால யாரோ மறஞ்சிருந்து என்னப் புடிச்ச மாதிரி இருக்குது. நானா வந்து நின்னேன். எனக்குத் தெரியலன்னு நானா போய்ச் சொன்னேன். அது எவனுக்குத் தெரியும்?" என்றவர் பவானியிடம் திரும்பினார். "போன எடும்மா."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். சார் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு, தலை சீவிக்கொண்டு வந்தார். சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அவள் அழுதுகொண்டே எடுத்ததில் சாரின் பாதித் தலை போய், முதல் முறை எடுத்தது வீணாகிவிட்டது. "நிதானமா எடு, நான் எங்கயும் போவல" என்றார். இரண்டாம் முறை எடுத்ததுதான் இன்றைக்கும் படத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. தன் பெயரையும் ஊரையும் சொல்வார். பிறகு, "முதல் பாதியில நீங்க பாக்கறத நான் முப்பது வருசம் செஞ்சேன். ரெண்டாவது பாதிய மூணு வாரத்துல கத்துக்கிட்டேன். முழுசா பாருங்க" என்பார்.

கிளம்பும்போது, மேடம் கேட்கக் கூடாதென்று சொன்னதை நான் கேட்டுவிட்டேன். பெற்ற மனது. குழுவுக்கு இவள் பெயர் போக வேண்டுமா சார் என்று.

"என் பேரத்தான் போடச் சொன்னேன். அவ பேரு எதுக்கு?" என்றார்.

ரேவதிக்கு இதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் துண்டுப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நிற்கவில்லை, நிற்காது. எங்காவது பறை அடியோடு "புரியுதா" என்று கேட்டால் நான் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன். பவானி இப்போது வேலைக்குப் போகிறாள். அவள் போனைக் கையில் எடுத்துச் சிரித்தால் என்னவென்று எட்டிப் பார்க்கிறேன். அவளுக்கு அது பிடிப்பதில்லை. டிக் அடிப்பது சுலபம்தான், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் டிக் அடிப்பதற்கு முன்னால் ஒருவர் எதிரில் உட்கார்ந்து அந்த நான்காவது வரியைப் படியுங்கள். எழுந்து போகிறவர் போகட்டும்.

தேர்வுப் பிரிவுக்குக் கேட்டிருந்த கடிதத்தைச் சார் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுவாரம் திங்கட்கிழமை முதல் வகுப்புக்கு வந்தார். நான் மாடித் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். கேமரா எடுத்துப் போகவில்லை. அவர் உள்ளே போனார். யாரோ ஒருவன் கடைசி வரிசையிலிருந்து "புரியுதா சார்" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. என் மகள் அந்த அறைக்குள்தான் இருந்தாள். சிரிப்பு மெல்ல ஓய்ந்தது. அவர் குரல் வரவில்லை, வகுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார் என்று புரிந்தது. ஒரு நிமிடம் இருக்கும், எனக்கு அதைவிட அதிகமாகத் தோன்றியது. பிறகு கரும்பலகையில் சாக்பீஸ் ஓடும் சத்தம் கேட்டது. நான் படியிறங்கினேன்.